நோய்க்களத்தில் இரு குலங்கள்: பாக்டீரியாவும் பூஞ்சையும்

ஒரு நோய்க்கு ஒரு கிருமி, ஒரு கிருமிக்கு ஒரு மருந்து என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். 1882-இல் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். 1884-இல் அவரே நம் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். இவ்வெற்றிகளின் நிழலில் வளர்ந்த மருத்துவக் கல்வி, ஒவ்வொரு நோயின் பின்னும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடப் பழகியது. பல நோய்களில் அத்தேடல் சரியே. ஆயின் மனித உடல் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு அன்று. அங்குக் கிருமிகள் தனித்து வாழ்வதில்லை. ஒரே புண்ணில், ஒரே நகத்தடியில், ஒரே நுரையீரல் குழியில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அருகருகே குடியிருக்கின்றன. சில வேளை ஒன்றுக்கொன்று கதவு திறந்து விடுகின்றன. சில வேளை ஒன்றையொன்று கொல்கின்றன. இவ்வுறவினைப் பற்றிச் சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்க முற்படுகிறோம்.

தமிழ்த்துறை மலரில் கிருமிகளுக்கு என்ன இடம் என்று வினவுவார் இருக்கலாம். சேற்றுப்புண், நகச்சுற்று, படர்தாமரை, யானைக்கால் என நம் மக்கள் இந்நோய்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களே அவ்வினாவுக்கு விடையாகும். நோய் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு பரவுகிறது, எவ்வாறு தோன்றுகிறது என்பவற்றை ஒரு சொல்லிலேயே அடக்கிய பெயர்கள் அவை. அவற்றுள் முதலிரண்டும் இக்கட்டுரையில் மீண்டும் மீண்டும் வரும்.

திருப்பருத்திக்குன்றத்துப் பாதங்களும் விரல்களும்

காஞ்சி மாநகரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்தது திருப்பருத்திக்குன்றம். சமணர் இதனைச் சினகாஞ்சி என்பர். பல்லவர் காலந்தொட்டு விளங்கும் அதன் திருக்கோயிலில், விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஆம் ஆண்டளவில் எழுப்பிய சங்கீத மண்டபமும், அதன் விதானத்து ஓவியங்களும் கலை வல்லுநர் அறிந்தவை. பருத்தியைப் பெயரில் தாங்கிய இவ்வூர், பட்டுக்குப் பெயர் பெற்ற நகரின் அருகே இருப்பது ஒரு சுவையான முரண்.

சமண நூல்கள் நிகோதம் என ஒருவகை உயிரைப் பேசுகின்றன. எண்ணற்ற நுண்ணிய உயிர்கள் ஓருடலைப் பொதுவாகக் கொண்டு, ஒன்றாகவே உண்டு, ஒன்றாகவே உயிர்த்து வாழும் என்பது அக்கொள்கை. இதனைக் கொண்டு முன்னோர் பாக்டீரியாவை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது; அது உயிர், வினை, வீடுபேறு பற்றிய சிந்தனையின் பகுதி, நுண்ணோக்கியின் கண்டுபிடிப்பு அன்று. எனினும் தனித்தனியாக அன்றிக் கூட்டமாக வாழும் நுண்ணுயிர் என்னும் கருத்து இவ்வூர்ச் சமணர் போற்றும் மரபுக்குப் புதிதன்று என்ற அளவில் அதனை நினைவு கூரலாம்.

நமக்கு இவ்வூர் வேறொரு காரணத்தாலும் பொருந்தி வருகிறது. காஞ்சி வட்டாரத்து நெசவாளி குழித்தறியில் அமர்ந்து, குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு மிதிபலகையை மாறி மாறி மிதிப்பவர். மழைக்காலத்தில் அக்குழியின் மண் ஈரம் கசியும். வெறுங்காலே அங்கு வழக்கம். சாயம் தோய்ப்பவரோ பட்டு நூலின் பசையைச் சோடாவும் சவுக்காரமும் கலந்த வெந்நீரில் நீக்கி, பின் சாயத் தொட்டியில் தோய்த்து, மீண்டும் மீண்டும் அலசுபவர். அவர் கைவிரல்கள் நாள் முழுதும் நீரிலேயே இருக்கும். ஈரப் பாதமும் ஈர விரலும் உடையோரிடத்தில்தான் நாம் பேசப்போகும் இரு குலங்களும் முதலில் கைகோக்கின்றன.

இரு குலங்களின் இயல்பு

பாக்டீரியா மிகச் சிறியது; பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் சில பங்கு வரை நீளமுடையது. அதன் உயிரணுவில் தனி உட்கரு இல்லை. பூஞ்சையோ அளவிலும் அமைப்பிலும் பெரியது. சில பூஞ்சைகள் ஈஸ்ட்டுகளாக, உருண்டை வடிவில் அரும்பு விட்டுப் பெருகும். சில நூலிழைகளாக நீண்டு கிளைக்கும். காண்டிடா போன்ற சில, காலத்துக்கேற்ப இரு வடிவமும் கொள்ளும். பூஞ்சையின் உயிரணுவில் உட்கரு உண்டு. அவ்வகையில் அது பாக்டீரியாவைவிட நமக்கே நெருங்கிய உறவு. இவ்வுறவே மருத்துவருக்குத் தொல்லை. பாக்டீரியாவின் சுவரையும் புரத ஆலையையும் தாக்கும் பென்சிலின், டெட்ராசைக்ளின் போன்றவை நம் அணுக்களைப் பெரிதும் தீண்டா, பூஞ்சையையும் தீண்டா. பூஞ்சையைக் கொல்லும் மருந்துகளுள் வலிமை வாய்ந்தவை நம் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் சேர்த்தே துன்புறுத்துதல் உண்டு. ஆகவே எக்குலத்தைச் சேர்ந்த பகைவன் என்று அறியாமல் மருந்து கொடுப்பது வீண்செலவு மட்டுமன்று, தீங்குமாகும்.

சேற்றுப்புண்: கதவைத் திறப்பவன் ஒருவன், நுழைபவன் மற்றொருவன்

கால் விரலிடுக்கில், குறிப்பாக நான்காம் ஐந்தாம் விரல்களுக்கிடையே, தோல் வெளுத்து ஊறி வெடிக்கும் சேற்றுப்புண்ணை அறியாத உழவரோ நெசவாளரோ இலர். அது பூஞ்சை நோய் என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறின. தோலின் கொம்புப் புரதமாகிய கெரட்டினை உண்டு வாழும் டிரைக்கோபைட்டன் போன்ற பூஞ்சைகளே அதற்குக் காரணம் என்பது உண்மைதான். ஆனால் முழு உண்மை அன்று.

1978-இல் அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர்களான லேடனும் கிளிக்மனும் இந்நோயைக் கூர்ந்து ஆராய்ந்து ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். உலர்ந்து செதில் உதிரும் எளிய நிலையில் பூஞ்சையைத் தேடினால் எளிதில் கிடைக்கிறது. புண் ஊறி, நாற்றமடித்து, வலி மிகுந்த கடிய நிலையில் தேடினாலோ பூஞ்சை அரிதாகவே கிடைக்கிறது. அங்குப் பாக்டீரியாக்களே பெருகியுள்ளன. நோய் முற்ற முற்ற, நோயைத் தொடங்கியவன் மறைந்துபோகிறான்!

இதன் நடைமுறை பின்வருமாறு. பூஞ்சை முதலில் தோலின் மேலடுக்கைச் சிதைத்து வெடிப்புகளை உண்டாக்குகிறது. அங்கு ஏற்கெனவே அமைதியாகக் குடியிருந்த பாக்டீரியாக்களுக்கு ஈரமும் உணவும் வழியும் ஒருங்கே கிடைக்கின்றன. மேலும் தோல் பூஞ்சைகளுட் சில பென்சிலினை ஒத்த பொருள்களைச் சுரக்கும். அப்பொருள் மெலிந்த பாக்டீரியாக்களை அழிக்க, அதனை எதிர்த்து நிற்க வல்லவை மட்டும் எஞ்சிப் பெருகும். மருத்துவமனையில் மருந்தை எதிர்க்கும் கிருமிகள் தோன்றுதலைப் பற்றி நாம் அஞ்சுகிறோம். அதே தேர்வு ஒரு விரலிடுக்கில், எந்த மருத்துவரும் மருந்தெழுதாமலே நடைபெறுகிறது. இறுதியில் பெருகிய பாக்டீரியாக்கள் தம் சுரப்புகளால் பூஞ்சையையே ஒடுக்கிவிடுகின்றன.

விரலிடுக்கு வெடிப்பு சிறியது. அதன் விளைவு சிறியதன்று. காஞ்சிபுரம் யானைக்கால் நோய்க்கு நெடுங்காலம் பெயர் பெற்றிருந்த ஊர். 1955-இல் நடுவண் அரசு தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கொசுவினால் பரவும் நுண்புழு நிணநீர்க் குழாய்களைச் சிதைத்துக் காலை வீங்கச் செய்கிறது என்பது பலரும் அறிந்ததே. ஆனால் நோயாளியைப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் அப்புழு அன்று. திடீரெனக் குளிர் காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து கொதித்தல் என ஆண்டுக்குப் பல முறை வரும் அத்தாக்குதல்கள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களால் வருகின்றன. அவை நுழையும் வாயில் எது? விரலிடுக்கின் சேற்றுப்புண்ணே! கேரளத்தின் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990-களில் இதனை வலியுறுத்தினர். நாள்தோறும் காலைச் சவுக்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்தி, வெடிப்புள்ள இடத்தில் பூஞ்சைக் களிம்பு தடவி வந்தாலே தாக்குதல்கள் பெரிதும் குறைகின்றன என்பது பின்னர்ப் பல நாடுகளிலும் உறுதிப்பட்டது. ஒவ்வொரு தாக்குதலும் வீக்கத்தை மேலும் ஒரு படி உயர்த்துமாதலால், ஒரு சிறு பூஞ்சைப் புண்ணை ஆற்றுவது யானைக்காலின் வளர்ச்சியையே தடுப்பதாகும். புழு, பூஞ்சை, பாக்டீரியா என மூவர் ஒரு காலில் சேர்ந்து நடத்தும் கூத்து இது.

நீரிழிவு உடையோர்க்கு இவ்வாயில் இன்னும் கொடியது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் வெடிப்பின் வலி தெரியாது. குருதியோட்டம் குன்றியிருப்பதால் ஆறாது. விரலிடுக்கிலிருந்து ஏறும் பாக்டீரியா சில நாள்களில் பாதம் முழுதும் பரவி, விரலையோ காலையோ இழக்க நேர்ந்தோர் எத்தனையோ பேர். நம் சமுதாயப் பெரியோர் தொழுகைக்கு முன் ஒலூச் செய்யுங்கால் கால் விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவர். நல்ல வழக்கமே. கழுவியபின் அவ்விடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றி ஈரம் போக்கியபின் காலுறை அணிதல் நீரிழிவுடைய முதியோர் மறவாதிருக்க வேண்டிய ஒன்று.

நகச்சுற்றும் பச்சை நகமும்

சாயப்பட்டறையினரையும், நாள் முழுதும் பாத்திரம் துலக்கும் மகளிரையும், மீன் கழுவுவோரையும் வருத்துவது நகச்சுற்று. நகத்தின் அடியில் தோலும் நகமும் சேருமிடத்தை ஒரு மெல்லிய சவ்வு மூடியுள்ளது. சோடாவும் சவுக்காரமும் அதனை அரித்துவிட, உள்ளே ஒரு சிறு பை உண்டாகிறது. அதில் காண்டிடா ஈஸ்ட் தங்குகிறது. அது மெல்ல மெல்ல, வாரக் கணக்கில், வீக்கமும் தடிப்பும் விளைக்கும். இடையிடையே ஸ்டெபைலோகாக்கஸ் நுழைந்தால் ஓரிரவிலேயே விரல் கனன்று சீழ் வைக்கும். சீழைக் கீறி எடுத்துப் பாக்டீரியா மருந்து உண்டால் கனல் தணியும். நாள்பட்ட வீக்கம் தணியாது. சில நாள்களில் மறுபடியும் சீழ். "மருந்து கேட்கவில்லை" என்று நோயாளி மருத்துவரை மாற்றுகிறார். மாற்ற வேண்டியது மருத்துவரை அன்று; ஈரத்தை.

நகம் தன் படுக்கையினின்று தூக்கப்பட்ட இடத்தில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா குடியேறினால் நகம் பச்சை நிறமாகும். சாயத் தொழிலாளியின் நகம் பச்சையாயிருந்தால் சாயம் என்றே எவரும் எண்ணுவர். இங்கும் சேற்றுப்புண்ணில் கண்ட அதே வியப்பு. பூஞ்சையால் தடித்த நகங்களிலேயே சூடோமோனாஸ் எளிதில் குடியேறுகிறது. குடியேறியபின் தன் சுரப்புகளால் பூஞ்சையின் வளர்ச்சியை ஆய்வுக்கூடத் தட்டிலும் தடுத்துவிடுகிறது. பூஞ்சை இல்லை என ஆய்வு முடிவு வரும். பாக்டீரியாவை நீக்கி மீண்டும் ஆய்ந்தால் பூஞ்சை வெளிப்படும்.

மதுரையின் பெயர் தாங்கிய நோய்

இவ்விரு குலங்களும் ஒருங்கே பேசப்படும் நோய்களுள் தமிழகத்துக்கே உரியதொரு வரலாறு உடையது மதுரைப் பாதம். 1842-இல் மதுரையில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் ஜான் கில், பாதம் பருத்து உருமாறிப் பல துளைகளில் கசிவு ஒழுகும் ஒரு நோயைப் பற்றி அறிக்கை தந்தார். அதன்பின் மதுரைப் பாதம் என்னும் பெயர் மருத்துவ உலகில் நிலைத்தது. பம்பாயில் பணிபுரிந்த என்றி வாண்டைக் கார்ட்டர் இந்நோயைப் பல்லாண்டு ஆராய்ந்து, இதற்கு மைசெட்டோமா எனப் பெயரிட்டு, 1874-இல் விரிவான நூலொன்று வெளியிட்டார். மைசெட்டோமா எனில் பூஞ்சைக் கட்டி. 1858-இல் வெளிவந்த புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இக்கார்ட்டரே.

நோயின் போக்கு பெரிதும் ஒரே வகையானது. வெறுங்காலில் முள்ளோ சிராயோ குத்துகிறது. மண்ணில் வாழும் கிருமி உள்ளே செல்கிறது. மாதங்கள் கழித்து வலியற்ற ஒரு கட்டி தோன்றுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கட்டி பரந்து, துளைகள் விட்டு, கசிவுடன் சிறு மணிகள் வெளிவருகின்றன. கடுகினும் சிறிய அம்மணிகள் ஒவ்வொன்றும் ஒரு கிருமிக் குடியிருப்பு. பின்னர் எலும்பும் அரிக்கப்படுகிறது. வலி இல்லாமையால் நோயாளி பல்லாண்டு மருத்துவரை நாடுவதில்லை. உழவர், மேய்ப்பர், கூலியாளர் என உழைப்பை முதலாகக் கொண்டோரையே இது பிடிக்கிறது.

இம்மணிகள் சிலரிடம் கறுப்பு. சிலரிடம் வெளிறிய மஞ்சள் அல்லது வெண்மை. கார்ட்டர் இந்நிற வேற்றுமையைக் கண்டார். காரணத்தை அவர் காலத்து அறிவு தெளிவாக்கவில்லை. 1894-இல் வின்சென்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் வெளிறிய மணியிலிருந்து இழை வடிவக் கிருமியொன்றை வளர்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுப்பு மணியின் கிருமி பெயர் பெற்றது. பின்னரே உண்மை துலங்கியது: கறுப்பு மணி தருவது பூஞ்சை, வின்சென்ட் கண்டது பூஞ்சை அன்று, இழையாகக் கிளைக்கும் பாக்டீரியா. கிளைத்த உருவத்தைக் கண்டு நெடுங்காலம் அக்குலத்தைக் கதிர்ப்பூஞ்சை என்றே அழைத்து வந்தனர்.

பெயர்களைக் கவனியுங்கள். அப்பூஞ்சையின் பெயர் மதுரெல்லா மைசெட்டோமாட்டிஸ். அப்பாக்டீரியாவின் பெயர் ஆக்டினோமதுரா மதுரே. முற்றிலும் வேறுபட்ட இரு குலங்கள். இரண்டும் ஒரே தமிழ் நகரத்தின் பெயரைத் தாங்குகின்றன. ஒரு நோய் போலத் தோன்றிய ஒன்று, உண்மையில் இரு வேறு நோய்கள் ஒரே முகத்துடன் வந்தமை என்பதற்கு இப்பெயர்களே சான்று.

இது வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று. பாதம் எஞ்சுமா என்பதே இதில் அடங்கியுள்ளது. பாக்டீரியாவால் வந்ததெனின் கோட்ரைமாக்சசோல், அமிகாசின் போன்ற மருந்துகளால் பெரும்பாலோர் குணமடைவர், கத்தி வேண்டியதில்லை. பூஞ்சையால் வந்ததெனின் இட்ராகோனசோல் போன்றவற்றை மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் உண்ண வேண்டும். கட்டியை அறுத்தெடுக்கவும் நேரும். முற்றியபின் காலையே நீக்குதலும் உண்டு. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. ஒரு மணியை எடுத்து நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், பருத்த இழையா மெல்லிய இழையா என்பது தெரியும். பருத்தது பூஞ்சை, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்களவே தடிப்புள்ள மெல்லியது பாக்டீரியா. கறுப்பு மணி எப்போதும் பூஞ்சை. சிவப்பு மணி பாக்டீரியா. வெண்மையும் மஞ்சளும் இரண்டாகவும் இருக்கலாமாதலால் கண்ணை மட்டும் நம்பலாகாது.

இன்னுமொரு சிக்கல். திறந்த துளைகள் வழியே ஸ்டெபைலோகாக்கஸ் போன்ற வேறு பாக்டீரியாக்களும் புகுகின்றன. வலியற்றிருந்த பாதம் அப்போதுதான் வலிக்கத் தொடங்குகிறது. இந்நோய் மிகுதியாக உள்ள சூடான் நாட்டின் மருத்துவர்கள் இவ்விரண்டாம் தொற்றினை அடிக்கடி கண்டு எழுதியுள்ளனர். அங்குக் கார்ட்டூம் நகரில் 1991 முதல் இந்நோய்க்கெனவே ஓர் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் மைசெட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-இல்தான். ஜான் கில்லின் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 174 ஆண்டுகள்! ஏழையின் பாதத்தில் வந்த நோய்க்கு உலகம் காட்டிய விரைவு இவ்வளவே.

கண்ணிலும் நுரையீரலிலும்

மதுரை மற்றொரு வகையிலும் நமக்குச் சான்றளிக்கிறது. 1994-இல் மூன்று மாதக் காலத்தில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். கிருமி வளர்த்தெடுக்கப்பட்ட 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா. 139 பேருக்குப் பூஞ்சை. 15 பேருக்கு இரண்டும் கலந்திருந்தன. ஏறத்தாழச் சரிபாதி! குளிர்நாடுகளில் கருவிழிப் புண் என்றாலே பாக்டீரியா என்று கொள்வர். அந்நாட்டுப் பாடநூலைப் படித்து, அந்நாட்டு வழியே மருந்திட்டால் நம் நாட்டு நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தவறான மருந்தே கிட்டும். கண்ணில் நெல் உமியோ சோளத்தட்டையோ பட்ட உழவர், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து பூஞ்சைக்குப் பாலூட்டுவதற்கு ஒப்பாகும்.

நுரையீரலில் காட்சி வேறு. அங்கு இரு குலங்களும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருவன் கட்டிய வீட்டில் பின்னர் மற்றொருவன் குடியேறுகிறான். காசநோய்க் கிருமி நுரையீரலில் குழி தோண்டும். மருந்துண்டு நோய் தீர்ந்தாலும் குழி மூடாமல் எஞ்சுவதுண்டு. காற்றில் எங்கும் மிதக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் அக்குழியில் விழுந்து, முளைத்து, பந்தாகத் திரளும். 1960-களின் இறுதியில் இங்கிலாந்தில் இத்தகைய குழிகள் எஞ்சிய 544 பேரை ஆராய்ந்தபோது நான்கில் ஒரு பங்கினரின் குருதியில் அப்பூஞ்சைக்கு எதிரான பொருள்கள் காணப்பட்டன. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தோன்றிய காசநோய் வேதியல் மருத்துவ மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என உலகுக்கு மெய்ப்பித்தது. அவ்வழியில் குணமடைந்தோர் எண்ணற்றோர். அவர்களுள் ஒருவர் சில ஆண்டுகள் கழித்து இரத்தம் கலந்து இருமினால், காசநோய் திரும்பிவிட்டது என்றே வீட்டாரும் சில வேளை மருத்துவரும் முடிவு கட்டுகின்றனர். சளியில் காசநோய்க் கிருமி இல்லாதபோதும் அம்மருந்தையே மீண்டும் தொடங்குவதுண்டு. பூஞ்சைப் பந்து அம்மருந்துக்கு அசையாது.

பகை

இதுவரை கூட்டினைக் கண்டோம். பகையும் உண்டு, அதுவே நமக்கு வாழ்வளித்தது. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங்கின் தட்டில் விழுந்த பெனிசிலியப் பூஞ்சை, சுற்றியிருந்த ஸ்டெபைலோகாக்கஸை அழித்த கதை பள்ளிச் சிறுவரும் அறிந்தது. மறுபக்கக் கதையை அறிந்தோர் சிலரே. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியா பூஞ்சைகளைக் கொல்லும் பொருள்களைச் செய்கிறது. 1950-இல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர்கள் அவ்வழியில் நிஸ்டாட்டினைக் கண்டனர். நம் நாட்டில் பூனா அருகே பிம்ப்ரியில் உள்ள இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவனத்தில் திருமலாச்சார் குழுவினர் 1960-களின் தொடக்கத்தில் ஹேமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கண்டறிந்தனர். அதனைச் சுரக்கும் பாக்டீரியாவுக்கு அவ்வூர்ப் பெயராலேயே ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா எனப் பெயரிட்டனர். மதுரைப் பாதம் விளைக்கும் இழைப் பாக்டீரியாவும் இவ்வுதவியாளனும் ஒரே பெருங்குலத்தவர் என்பது நினைக்கத்தக்கது.

நம் உடலுக்குள்ளும் இப்பகை நாள்தோறும் நிகழ்கிறது. குடலிலும் பெண்ணுறுப்பிலும் வாழும் லாக்டோபேசில்லஸ் முதலிய நல்ல பாக்டீரியாக்கள் காண்டிடாவை அடக்கி வைத்துள்ளன. சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் தாமே வாங்கிப் பாக்டீரியா மருந்து உண்பவர், அக்காவலரைக் கொன்று காண்டிடாவை அவிழ்த்து விடுகிறார். வாயில் வெண்படலம், மகளிர்க்கு வெள்ளைப்படுதலும் அரிப்பும் வருதல் இதனாலேயே. 2002-இல் ஹோகன், கோல்ட்டர் ஆகிய அமெரிக்க அறிஞர்கள் மற்றொன்றையும் காட்டினர். சூடோமோனாஸ் பாக்டீரியா, காண்டிடாவின் இழை வடிவத்தின்மீது படலமாகப் படர்ந்து அதனைக் கொல்கிறது. ஈஸ்ட் வடிவத்தையோ தீண்டுவதில்லை. மேலும் பாக்டீரியாக்கள் தமக்குள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் வேதிப்பொருளை உணர்ந்தவுடன் காண்டிடா இழை விடுவதை நிறுத்தி ஈஸ்ட்டாகவே ஒடுங்குகிறது என்பது 2004-இல் தெரியவந்தது. பகைவனின் பேச்சை ஒட்டுக்கேட்டு உருமாறும் திறம்! ஸ்டெபைலோகாக்கஸுடனோ காண்டிடாவுக்கு நட்பு. அது காண்டிடாவின் இழைகளைப் பற்றிக்கொண்டு திசுக்களுக்குள் புகுகிறது. 1980-களின் தொடக்கத்தில் கார்ல்சன் என்பார் எலிகளில் செய்த ஆய்வில், தனித்தனியே தாங்கக்கூடிய அளவில் செலுத்திய இவ்விரு கிருமிகளும் சேர்ந்து செலுத்தியபோது உயிரைப் பறித்தன. அவசரப் பிரிவில் குழாய் பொருத்திய நோயாளிகளிடம் இக்கூட்டு ஏன் அஞ்சப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

2021-இல் கொரோனாவை அடுத்துக் கரும்பூஞ்சை நோய் பரவித் தமிழக அரசும் அதனை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது அனைவர் நினைவிலும் இருக்கும். அப்பூஞ்சைகளின் உறவினனான ரைசோபஸ் மைக்ரோஸ்போரஸ் நெல் நாற்றுகளை அழுகச் செய்வது. அந்நஞ்சைச் செய்வது பூஞ்சை அன்று, அதன் உயிரணுவுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியா என்று 2005-இல் செருமானிய ஆய்வாளர்கள் கண்டனர். மனித நோயில் இவ்வுள்குடி எவ்வளவு பங்கு கொள்கிறது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை.

மூன்றும் சேர்ந்த களிம்பு

படர்தாமரைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் களிம்புகளைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அவற்றுட் பல பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் கலந்தவை. எக்குலத்துப் பகைவனாயினும் ஒரே குழாயில் விடை என்பது அதன் கவர்ச்சி. தடவிய ஓரிரு நாளில் அரிப்பு நின்றுவிடும், நிற்பது ஸ்டீராய்டினால். அதே ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பாற்றலை அடக்க, பூஞ்சை அமைதியாகப் பரவும். விட்டவுடன் முன்னினும் பன்மடங்காய்த் திரும்பும். கலந்துள்ள பாக்டீரியா மருந்து பல வேளை தேவையே இல்லாதது. தோலில் எதிர்ப்புடைய கிருமிகளை வளர்ப்பதே அதன் பயன். 2018-இல் நடுவண் அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதெனப் பட்டியலிட்டது. விற்பனை நின்றபாடில்லை. மருந்துக்கு எளிதில் அடங்காத ஒரு தோல் பூஞ்சை இந்தியாவில் பெருகி, பிற நாடுகளிலும் காணப்பட்டு, 2020-இல் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே எனப் பெயர் பெற்றுள்ளது. அதன் பெருக்கத்திற்கு இக்களிம்புகளும் ஒரு காரணம் எனத் தோல் மருத்துவர் பலர் கருதுகின்றனர்.

இதற்கு மாற்று அரியதன்று. புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, செதிலைக் கண்ணாடி வில்லையில் இட்டு, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு துளி விடுவர். சில நிமிடங்களில் தோலணுக்கள் கரைந்து தெளிய, பூஞ்சை இழைகள் கிளைத்தோடுவது நுண்ணோக்கியில் தெரியும். கசிவிருந்தால் அதனை மற்றொரு வில்லையில் பூசி, கிராம் சாயமிட்டு, பாக்டீரியா உண்டா எனக் காண்பர். கல்லூரி விலங்கியல், தாவரவியல் துறைகளின் ஆய்வுக்கூடங்களில் உள்ள நுண்ணோக்கியே இவ்விரண்டுக்கும் போதும். சாயமிடுதலில் பட்டுத் தொழிலாளியின் கைத்திறம் வேண்டுவதில்லை. இரு வில்லைகளையும் ஒருவர் கால் மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம்.